கணைய ஆபரேஷனுக்குப் பிறகு ‘லீக்’: வயிற்றை மறுபடி திறக்காமல் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கணையத்தில் கட்டி என்று கண்டுபிடித்து, பல மணி நேர ஆபரேஷன் முடித்து, ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றியிருப்பார்கள். நோயாளி ஒரு இட்லியை மெல்ல விழுங்கத் தொடங்கியிருப்பார். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ரவுண்ட்ஸ் வரும் டாக்டர், வயிற்றிலிருந்து வரும் டியூபைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் லீக் இருக்கு, பார்த்துக்கலாம்” என்பார். வீட்டார் மனதில் உடனே இரண்டு கேள்விகள் எழும். தையலை ஒழுங்காகப் போடவில்லையா? மறுபடியும் வயிற்றைத் திறக்கப் போகிறார்களா?

முதல் கேள்விக்கு, பெரும்பாலும் அப்படி இல்லை என்பதுதான் பதில். கை தேர்ந்த சர்ஜன்கள் செய்தாலும், கணைய ஆபரேஷன் முடிந்த பத்துப் பேரில் ஒருவர் இருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவில் கசிவு வரத்தான் செய்கிறது. இரண்டாம் கேள்விக்கு இருபது வருடங்களுக்கு முன்பு என்றால் “திறக்க வேண்டியிருக்கலாம்” என்றுதான் பதில் வந்திருக்கும். இன்று பெரும்பாலானவர்களுக்குத் திறக்க வேண்டியதில்லை. ஊசி, மெல்லிய கம்பி, டியூப், ஸ்கேன் இவற்றை வைத்தே சமாளிக்கிறார்கள். அது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கணையம் இருக்கும் இடமும் அதைச் சுற்றி நடக்கும் ஆபரேஷனும்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் சுரப்பி. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். அதன் தலைப்பகுதி வலப்பக்கம் முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொதிந்திருக்கும். வால்பகுதி இடப்பக்கம் மண்ணீரல் வரை போகும். கல்லீரலுக்கும் குடலுக்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் இதை உரசிக்கொண்டும் துளைத்துக்கொண்டும் ஓடுகின்றன. பின்னால் வரப்போகும் ரத்தக்கசிவுக் கதைக்கு இந்த அண்டை வீட்டு நெருக்கம்தான் காரணம்.

இன்சுலின் சுரப்பது கணையத்தின் ஒரு வேலை. பொது மக்களுக்கு அதுதான் தெரியும். ஆனால் சுரப்பியின் பெரும்பகுதி செய்வது வேறு வேலை. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் மேல் செரிமான நீரைச் சுரந்து, நடுவில் ஓடும் நாளம் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றையும் கரைக்கும் நொதிகள் அந்த நீரில் இருக்கின்றன.

தலைப்பகுதியில் புற்றுநோய் வந்தால் செய்யும் ஆபரேஷனுக்கு ‘விப்பிள்’ என்று பெயர். பெர்லினில் வால்டர் கௌஷ் 1909-ல் இதன் முன்வடிவத்தைச் செய்தார். 1935-ல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள் தன் நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சிலருக்கு இரைப்பையின் அடிப்பகுதி என எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் குடலோடு தனித்தனியாக இணைக்க வேண்டும். மூன்று இணைப்பில் எது வேண்டுமானாலும் கசியலாம். என்றாலும் சர்ஜனுக்குத் தூக்கம் வராமல் செய்வது கணைய இணைப்புதான். வால்பகுதியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனில் இணைப்பே இல்லை. வெட்டிய முனையை மூடிவிட்டால் போதும். அப்படியும் அந்த முனையிலிருந்து கசிவு வருவது சகஜம்.

1960, 70களில் பல மருத்துவமனைகளில் விப்பிள் செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவர் வரை இறந்துபோனார்கள். இன்று நிறையச் செய்து பழகிய மையங்களில் அது நூற்றுக்கு மூன்று நான்கு பேர், சில இடங்களில் அதற்கும் குறைவு. ஆனால் சிக்கல்கள் அதே வேகத்தில் குறையவில்லை. இன்றும் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிறிதோ பெரிதோ ஏதாவது ஒன்று வருகிறது. மரணம் குறைந்ததற்குத் தையல் மேம்பட்டது ஒரு காரணம் என்றால், சிக்கல் வந்தவரைக் காப்பாற்றும் திறமை வளர்ந்தது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

நல்ல கணையம்தான் அதிகம் கசியும்

கேட்க விசித்திரமாக இருக்கும். நோயில்லாத கணையம் மிகவும் மிருதுவானது. அதில் தையல் போடுவது வெண்ணெயில் நூல் கோப்பது மாதிரி. இறுக்கினால் அறுந்துகொண்டு வரும், தளர்த்தினால் கசியும். நாள்பட்ட அழற்சியால் தழும்பேறிக் கெட்டிப்பட்ட கணையமோ தையலை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். கேரளத்திலும் தமிழகத்திலும் கணையத்துக்குள் கல் சேரும் ஒருவகை நாள்பட்ட அழற்சி வெகுகாலமாகப் பேசப்படுகிறது. அப்படிப்பட்டவர்களின் கணையத்தைத் திறந்து குடலோடு இணைக்கும்போது கசிவு குறைவாக இருப்பதற்கு இந்தக் கெட்டித்தன்மையே காரணம்.

நாளத்தின் அகலமும் முக்கியம். மூன்று மில்லிமீட்டருக்கும் குறுகலான நாளத்தைக் குடலோடு பொருத்துவது நுணுக்கமான வேலை. ஆக, மிருதுவான சுரப்பி, குறுகிய நாளம், ஆபரேஷனில் அதிக ரத்தம் போனது, என்ன நோய்க்காக ஆபரேஷன் என்பது ஆகிய நான்கையும் மதிப்பெண் போட்டு, யாருக்குக் கசிவு வரலாம் என்று ஆபரேஷன் மேஜையிலேயே ஓரளவு கணித்துவிடுகிறார்கள். 2013-ல் வெளியான இந்த மதிப்பெண் முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நோயாளியின் வீட்டார் சர்ஜனிடம் “கணையம் சாஃப்டா இருந்ததா, ஹார்டா இருந்ததா?” என்று கேட்டால் அவர் சற்று ஆச்சரியப்படுவார். ஆனால் அது நியாயமான கேள்வி.

கசிந்த நீர் என்ன செய்யும்? கணையத்துக்குள் இருக்கும்வரை அதன் புரத நொதிகள் உறங்கிக்கொண்டிருக்கும். குடல் நீரோடு கலந்ததும் விழித்துக்கொள்ளும். குடலோடு போட்ட இணைப்பு விட்டுப்போகும்போது இரண்டும் கலந்தே வயிற்றுக்குள் வழிகின்றன. உணவைக் கரைக்க வேண்டிய நீர், சுற்றியிருக்கும் கொழுப்பையும் தையலையும் ரத்தக்குழாய்ச் சுவரையும் அரிக்கத் தொடங்குகிறது. ஒரு மூலையில் தேங்கினால் கிருமி சேர்ந்து சீழாகும். ரத்தக்குழாய் பக்கத்தில் தேங்கினால் ஆபத்து இன்னும் அதிகம்.

எல்லாக் கசிவும் ஒன்றல்ல. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளிலோ அதன் பிறகோ டிரெயின் (வயிற்றிலிருந்து நீரை வெளியே வடிக்கும் டியூப்) நீரில் உள்ள அமைலேஸ் என்ற கணைய நொதி, ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கணைய நீர் கலந்திருக்கிறது என்று பொருள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நோயாளி நன்றாக நடமாடுகிறார் என்றால் அது பரிசோதனைக் காகிதத்தில் மட்டும் தெரியும் கசிவு. கணைய அறுவை நிபுணர்களின் சர்வதேசக் குழு 2016-ல் வரையறையைத் திருத்தியபோது இதைச் சிக்கல் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. மூன்று வாரத்துக்கு மேல் டிரெயின் தேவைப்பட்டாலோ, கிருமித் தொற்று வந்தாலோ, ஊசி வழியாகவோ ரத்தக்குழாய் வழியாகவோ ஏதாவது செய்ய வேண்டியிருந்தாலோ அது ‘பி’ கிரேடு. மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால், அல்லது சிறுநீரகமோ நுரையீரலோ செயலிழந்தால், ‘சி’ கிரேடு. டாக்டர் “லீக்” என்று சொன்னதும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: எந்த கிரேடு?

ஏன் மறுபடி திறக்கத் தயங்குகிறார்கள்

ஓட்டை எங்கே என்று தெரிகிறது, உள்ளே போய் அடைத்துவிடலாமே என்று தோன்றும். முன்பு அப்படித்தான் யோசித்தார்கள். ஆனால் ஆபரேஷன் முடிந்த ஒரு வாரம், பத்து நாளில் வயிற்றுக்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். குடல் வீங்கியிருக்கும், தொட்டால் கிழியும். கசிந்த இடமோ ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்கும். அங்கே புதுத் தையல் நிற்காது. வேறு வழியில்லாமல் மிச்சக் கணையத்தையும் எடுத்துவிட வேண்டி வந்தால், இன்சுலின் துளியும் சுரக்காத, சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கும் நீரிழிவு வாழ்நாள் முழுக்க வரும். இத்தனையும் கிருமித் தொற்றால் ஏற்கெனவே தளர்ந்துபோன ஓர் உடம்பில் செய்ய வேண்டும்.

நெதர்லாந்தில் 2005 முதல் 2013 வரை ஒன்பது மையங்களில் விப்பிள் செய்துகொண்டு, கடுமையான கசிவு வந்த 309 பேரின் விவரங்களை 2017-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 227 பேருக்கு முதலில் டியூப் போட்டு வடித்தார்கள். 82 பேருக்கு நேராக வயிற்றைத் திறந்தார்கள். டியூப் போட்டவர்களில் நூற்றுக்கு 77 பேர் மறு ஆபரேஷனே இல்லாமல் பிழைத்தார்கள். மோசமான நிலையில் இருந்தவர்களைத்தான் திறந்திருப்பார்கள், அதனால் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். அதற்காகவே இரு பக்கமும் ஒத்த நிலையில் இருந்த தலா 64 பேரைத் தேர்ந்து ஒப்பிட்டார்கள். இறப்பு, டியூப் பக்கம் 14 சதவீதம், திறந்த பக்கம் 36 சதவீதம். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இல்லைதான். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை ஒதுக்கிவிட முடியாது.

தோல் வழியே டியூப்

இந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் சர்ஜன் இல்லை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகச் சிகிச்சை தருவதற்கென்று பயிற்சி பெற்றவர். காய்ச்சலோ அதிக நாடித்துடிப்போ இருந்து, சி.டி. ஸ்கேனில் நீர் தேங்கியிருப்பது தெரிந்தால் அவரைக் கூப்பிடுவார்கள்.

நோயாளியை சி.டி. மேஜையில் படுக்கவைத்து, அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி, குடலையும் ரத்தக்குழாயையும் தொடாமல் தேக்கத்துக்குப் போக ஒரு வழி தேடுவார். இந்தத் தேடலில்தான் அவருடைய திறமை இருக்கிறது. விலாவுக்குக் கீழே இடப்பக்கமாக, முதுகுப்புறம் ஒட்டிப் போகும் பாதை பலருக்குக் கிடைக்கும். தோலை மரக்கவைக்க ஊசி போடுவார்கள். முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. பிறகு நீண்ட ஊசி உள்ளே போகும். ஊசிக்குள் மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பி மேலாகப் பாதையைச் சற்றே விரித்து, அதன் மேலேயே டியூபைத் தள்ளுவார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு டியூப் போகும் இந்த உத்தி ஸ்வீடனின் ஸ்வென் இவார் செல்டிங்கர் என்ற ரேடியாலஜிஸ்ட் 1953-ல் ரத்தக்குழாய்க்காக விவரித்தது. இன்று உடம்பில் டியூப் போடும் அத்தனை துறைகளும் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன.

கம்பியை எடுத்ததும் டியூபின் நுனி தானாகச் சுருண்டுகொள்ளும். அதனால் வெளியே வழுக்கி வராது. ‘பிக்டெயில்’ என்று வார்டில் சொல்வது இதைத்தான். டியூபின் பருமனை பிரெஞ்ச் என்ற அளவால் குறிப்பார்கள். 12 பிரெஞ்ச் என்றால் 4 மில்லிமீட்டர். முதலில் வரும் நீரைக் கிருமிப் பரிசோதனைக்கும் அமைலேஸ் பார்க்கவும் அனுப்புவார்கள். எந்த ஆன்டிபயாடிக் சரி என்பது அதில்தான் தெரியும்.

டியூப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சீழ் கெட்டியாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். தினமும் சில முறை கொஞ்சம் சலைன் விட்டு அலச வேண்டும். காய்ச்சல் மறுபடி வந்தால் மறு ஸ்கேன். தேவைப்பட்டால் அதே பாதையில் பெரிய டியூபாக மாற்றுவது. வேறு மூலையில் தேங்கியிருந்தால் அங்கே இன்னொன்று. மூன்று தடவை ரேடியாலஜி அறைக்குப் போய்வந்தவர்கள் “இது எப்போ முடியும்?” என்று சலித்துக்கொள்வது புரிகிறது. ஆனால் அது சிகிச்சை தோற்றதற்கு அடையாளம் இல்லை; சிகிச்சையே அப்படிப் படிப்படியாகப் போவதுதான். ஆபத்துகளும் உண்டு. ஊசி குடலைத் துளைக்கலாம், சிறு ரத்தக்குழாயில் படலாம். துளை சிறியது என்பதால் இதைச் சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரைப்பைக்கு உள்ளிருந்து

சில தேக்கங்கள் இரைப்பையின் பின்சுவரை ஒட்டியே இருக்கும். வால்பகுதியை எடுத்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். வெளியிலிருந்து போக நல்ல வழி கிடைக்காவிட்டால், வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்குவார்கள். நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப் அது. இரைப்பைச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்து, சுவரைத் துளைத்து, ஸ்டென்ட் என்ற சிறு குழாய் ஒன்றை வைப்பார்கள். தேங்கிய நீர் இரைப்பைக்குள்ளேயே வடிந்துவிடும். வெளியே பை தொங்காது, கணைய நீர் வீணாகாது, தோல் புண்ணாகாது. நோயாளிகளுக்கு இது பெரிய நிம்மதி.

ஸ்டென்டில் இரண்டு வகை. இரு முனையும் சுருண்ட பிளாஸ்டிக் டியூப் ஒன்று. இரு முனையும் அகன்று நடுவில் குறுகிய உலோக ஸ்டென்ட் இன்னொன்று. உலோகம் வேகமாக வடிக்கும், ஆனால் விலை அதிகம். தேக்கம் சுருங்கிய பிறகும் உள்ளேயே விட்டுவைத்தால் அது எதிர்ப்பக்கத்து ரத்தக்குழாயை உரசி ரத்தக்கசிவு வரலாம். அதனால் மூன்று நான்கு வாரத்தில் எடுத்துவிடச் சொல்வார்கள். ஊருக்குப் போன பிறகு “நல்லாத்தானே இருக்கேன்” என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

கணைய நாளத்துக்குள்ளேயே எண்டோஸ்கோப்பி மூலம் ஸ்டென்ட் வைத்து, நீரைக் குடல் பக்கம் திருப்பிவிடும் முறையும் உண்டு. வால்பகுதி ஆபரேஷனுக்குப் பிறகு இது சாத்தியம். விப்பிள் செய்தவர்களுக்கு நாளம் திறக்கும் வாயே எடுக்கப்பட்டுவிட்டதால் அங்கே போய்ச்சேருவது மிகக் கடினம்.

ரத்தம்: முதல் துளியிலேயே கவனிக்க வேண்டியது

கணைய ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சிக்கல்களில் உயிரைப் பறிப்பதில் முதலிடம் தாமதமாக வரும் ரத்தக்கசிவுக்குத்தான். முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தால் அது பெரும்பாலும் எங்கோ கட்டு நழுவியது. திரும்பத் திறந்து கட்டிவிடுவதே சரி. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து வருவது வேறு இனம். விப்பிளில் காஸ்ட்ரோடியோடினல் என்ற தமனியை வெட்டி, அதன் அடிமுனையைக் கட்டிவிடுவார்கள். கசிந்த கணைய நீர் அந்த முனையை அரிக்கும். சுவர் மெலிந்து, ரத்தம் குமிழாகப் புடைக்கும். சூடோ அனியூரிசம் என்பார்கள். அது உடைந்தால் சில நிமிடங்களில் லிட்டர் கணக்கில் ரத்தம் போகும்.

ஆனால் பலருக்கு அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை வருகிறது. டிரெயினில் சிறிது சிவப்பு. அல்லது ஒரு தடவை ரத்த வாந்தி, கருப்பாக மலம். பிறகு தானாக நின்றுவிடும். ரத்த அழுத்தம் சரியாக இருக்கும். நோயாளி நன்றாகப் பேசுவார். எல்லோரும் மூச்சு விடுவார்கள். பெரிய கசிவு அதற்குச் சில மணி நேரத்திலோ சில நாளிலோ வரும். நின்றுபோன அந்தச் சிறு ரத்தத்தைக் கண்டதும், அது இரவு இரண்டு மணியாக இருந்தாலும், ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துவிட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்பது இந்த ஒரு விஷயத்தில் செல்லாது.

இடம் தெரிந்ததும் நோயாளியை ஆஞ்சியோ அறைக்குக் கொண்டுபோவார்கள். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக கதீட்டர் என்ற மெல்லிய டியூப் நுழைந்து, மகாதமனி ஏறி, கல்லீரலுக்குப் போகும் கிளைக்குள் திரும்பும். புடைத்த இடத்தைச் சுற்றி மிக நுண்ணிய உலோகக் கம்பிச் சுருள்களை விடுவார்கள். சுருள்களில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். முக்கியமான விஷயம், ஓட்டைக்கு முன்னும் பின்னும் இரு பக்கமும் அடைக்க வேண்டும். முன்னால் மட்டும் அடைத்தால் மறுபக்கக் கிளைகளிலிருந்து ரத்தம் திரும்பி வந்து கசிந்துகொண்டே இருக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், காஸ்ட்ரோடியோடினல் முனை கல்லீரல் தமனியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. முனை மிகக் குட்டையாக இருந்தால் அதை மட்டும் தனியாக அடைக்க இடமிருக்காது. கல்லீரல் தமனியையே அடைத்தால் கல்லீரலின் ஒரு பகுதி கருகலாம், சீழ்க்கட்டி வரலாம். மாற்றுப் பாதைகள் பலவற்றை விப்பிளிலேயே வெட்டியாகிவிட்டது. அதனால் துணி போன்ற உறை போர்த்திய ஸ்டென்ட் ஒன்றைத் தமனிக்குள் விரித்து, ஓட்டையை உள்ளிருந்தே மூடுகிறார்கள். ரத்தம் கல்லீரலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். குழாய் வளைந்து நெளிந்திருந்தால் அந்த ஸ்டென்டைக் கொண்டுசேர்ப்பது எளிதல்ல. அப்போது சுருளா ஸ்டென்டா என்று அந்த அறையில் நின்றபடியே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

ரத்தம் நின்றாலும் அரித்த கணைய நீர் அங்கேயேதான் இருக்கிறது. அதை வடிக்க டியூப் போடாவிட்டால் இன்னொரு இடம் உடையும். ரத்தக்கசிவை நிறுத்திவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் கசிவை மறந்துவிடக் கூடாது. சிரையிலிருந்து வரும் ரத்தத்துக்கு இந்த முறை உதவுவது அரிது. ரத்த அழுத்தம் சரிந்து, ஆஞ்சியோ அறை வரை கொண்டுபோக முடியாத நிலை வந்தாலும் சரி, கத்தியைத்தான் எடுக்க வேண்டும்.

மற்ற தொல்லைகள்

பித்தநாள இணைப்பு கசிந்தால் விலாவுக்கு இடையே கல்லீரலைத் துளைத்து, உள்ளே இருக்கும் சிறு பித்தக்குழாய் வழியாக டியூபை இணைப்பு வரை கொண்டுபோவார்கள். பித்தம் வேறு வழியில் போனதும் இணைப்பு ஆறும். மாதங்கள் கழித்து அதே இணைப்பு சுருங்கி மஞ்சள் காமாலை வந்தால், அதே பாதையில் பலூனை ஊதி விரிப்பார்கள். நிணநீர் பால்போல டிரெயினில் வந்தால் கொழுப்பு மிகக் குறைந்த சாப்பாட்டிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். இரைப்பை காலியாகாமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பது மிகப் பரவலான தொல்லை. பயமுறுத்தும், ஆனால் தானாகச் சரியாகும். அதன் பின்னால் மறைந்த தேக்கம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும்.

கருவியைவிட நேரம்

இந்த உத்திகள் எல்லாம் பல வருடங்களாகவே இருக்கின்றன. அப்படியிருக்க ஒரு மருத்துவமனையில் நோயாளி பிழைப்பதும் இன்னொன்றில் இறப்பதும் ஏன்? நெதர்லாந்து மருத்துவர்கள் இதற்கு விடை தேடினார்கள். அந்த நாட்டில் கணைய ஆபரேஷன் செய்யும் 17 மையங்களும் சேர்ந்துகொண்டன. 2018 ஜனவரியில் தொடங்கிய இந்த ஆய்வுக்கு போர்ஷ் என்று பெயர்; முடிவு 2022-ல் லான்செட் இதழில் வந்தது.

அவர்கள் புதுக் கருவி எதையும் கொண்டுவரவில்லை. ஒரு கைபேசிச் செயலி. நோயாளியின் காய்ச்சல், நாடி, ரத்தப் பரிசோதனை, டிரெயின் நிலவரம் போன்றவற்றைத் தினமும் அதில் போட்டால், இன்று சி.டி. எடு, டியூப் போடு, ஆன்டிபயாடிக் தொடங்கு, டிரெயினை எடுத்துவிடு என்று அது சொல்லும். எந்த மருத்துவமனை எப்போது இந்த முறைக்கு மாறும் என்பதைக் குலுக்கல் மூலம் முடிவுசெய்தார்கள். 1,748 நோயாளிகள். சிகிச்சை தேவைப்பட்ட ரத்தக்கசிவு, உறுப்புச் செயலிழப்பு, மரணம் மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் பழைய முறையில் 14 சதவீதம், புது முறையில் 8 சதவீதம். 90 நாளுக்குள் இறந்தவர்கள் 5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்தார்கள். உறுப்புச் செயலிழப்பு 10-லிருந்து 5.

என்னைக் கேட்டால் இந்தத் துறையில் சமீபத்தில் வந்த மிக முக்கியமான முடிவு இதுதான். நோயாளி மோசமாகும்வரை காத்திருந்து டியூப் போடுவதும், மோசமாகப் போகிறார் என்ற முதல் குறிப்பிலேயே போடுவதும் வேறு வேறு சிகிச்சைகள். அதே டியூபுதான், அதே கை தேர்ந்த டாக்டர்தான். புது முறையில் தினமும் பார்ப்பதை யார் ஞாபகத்துக்கும் விட்டுவிடவில்லை. நம் ஊரில் செயலி இல்லாவிட்டாலும் ஒரு தாளில் எழுதியே இதைச் செய்யலாம். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் கிடைக்கிற மருத்துவமனையா என்பதை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. சர்ஜனின் பெயரை விசாரிக்கும் அளவுக்கு இதை யாரும் விசாரிப்பதில்லை.

சாப்பாடும் வீட்டுக்குப் போவதும்

கசிவு இருந்தால் வாயில் எதுவும் கூடாது என்று வாரக்கணக்கில் பட்டினி போட்டு, நரம்பு வழியாகச் சத்து ஏற்றிய காலம் உண்டு. போலந்தில் 78 நோயாளிகளை வைத்துச் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், குடலுக்குள் டியூப் வழியாக உணவு பெற்றவர்களில் 60 சதவீதத்தினருக்கு 30 நாளில் கசிவு மூடிக்கொண்டது. நரம்பு வழியாக மட்டும் பெற்றவர்களில் 37 சதவீதத்தினருக்கு. குடலுக்கு வேலை கொடுப்பதே நல்லது என்பது இன்றைய நடைமுறை. உடல்நிலை சீராக இருப்பவரை வாயாலேயே சாப்பிட அனுமதிக்கும் மையங்கள் நிறைய. ஆக்ட்ரியோடைட் என்ற ஊசி கணைய நீர் சுரப்பைக் குறைக்கும். ஆனால் ஓட்டையை அது மூடாது. அதன் மீது அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம்.

டிரெயினோடு வீட்டுக்கு அனுப்புவது இப்போது சாதாரணம். எத்தனை மில்லி வந்தது, என்ன நிறம் என்று தினமும் ஒரே நேரத்தில் குறித்துவைத்தால் அடுத்த முறை டாக்டருக்குப் பெரிய உதவி. கணைய நீர் தெளிவாகவோ சாம்பல் கலந்தோ இருக்கும். பச்சை என்றால் பித்தம். கெட்டியாக நாற்றமடித்தால் சீழ். தோலில் கசிந்தால் அரிக்கும் என்பதால் டியூபைச் சுற்றிய கட்டு நனைந்தவுடன் மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருந்த டியூப் திடீரென நின்றுபோய், கூடவே குளிரும் காய்ச்சலும் வந்தால் அது அடைப்பு. ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். சிவப்பாக ஒரு ஸ்பூன் வந்தாலும் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே உடனே போக வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் காட்டி நேரத்தை இழக்க வேண்டாம்.

டியூபை எப்போது எடுப்பார்கள் என்பதற்கு ஒரே விடை கிடையாது. நாளுக்கு நாள் அளவு குறைந்து, சில மில்லியாகி, காய்ச்சல் இல்லாமல், ஸ்கேனில் தேக்கமும் இல்லையென்றால் எடுப்பார்கள். சில சமயம் டியூபுக்குள் சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்து, குடலோடோ கணையத்தோடோ இன்னும் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொடர்பு இருந்தால் ஒரே இழுப்பில் எடுக்காமல், வாரத்துக்குச் சில சென்டிமீட்டராகப் பின்னால் இழுத்து, டியூபின் பாதை பின்னாலேயே மூடிக்கொண்டு வர விடுவார்கள். அதுவரை டியூபை வயிற்றில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியையும் தையலையும் பார்த்துக்கொள்வது வீட்டாரின் வேலை. தூக்கத்தில் இழுபட்டு வெளியே வந்துவிட்டால் அதைத் திரும்பத் தள்ளப் பார்க்காமல், மேலே சுத்தமான துணியை வைத்து அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பாதை மூடிக்கொள்வதற்குள் அதே துளை வழியாகப் புது டியூப் போட்டுவிட முடியும்.